அண்டை நாடுகளுக்கு இடையே அதிவேக ரயில் விடுவதில் அப்படி என்ன சிக்கல்?

மலையைக் குடைவதும் பாலம் கட்டுவதும் பொறியாளர்களுக்குப் பழகிப்போன வேலை. எல்லைக் கோடுதான் படுத்துகிறது.

பிரான்சின் பெர்பினியானையும் ஸ்பெயினின் ஃபிகேரஸையும் இணைக்கும் பாதையைப் பாருங்கள். நீளம் சுமார் 44 கிலோமீட்டர். அதில் 8 கிலோமீட்டருக்கு மேல் பிரனீஸ் மலைக்கு அடியில் சுரங்கம். 2009 தொடக்கத்திலேயே பாதை தயார். ஆனால் ஓட ரயில் இல்லை! ஸ்பெயின் பக்கம் பார்சிலோனாவரை தண்டவாளம் வந்து சேரவே 2013 ஜனவரி ஆகிவிட்டது. வருமானம் எதிர்பார்த்தபடி வரவில்லை. கட்டிய தனியார் நிறுவனம் 2016இல் திவாலானது. தண்டவாள அகலமும் ஒரு தலைவலி: ஸ்பெயினின் பழைய பாதைகள் 1,668 மில்லிமீட்டர், பிரான்சில் 1,435. அதிவேகப் பாதைகளை மட்டும் பிரான்சின் அளவிலேயே ஸ்பெயின் அமைத்தது.

மின்சாரமும் எல்லை தாண்டினால் மாறிவிடும். லண்டன்–பாரிஸ் ரயில்கள் 1994இல் ஓடத் தொடங்கியபோது, பிரான்சில் மேல்கம்பியிலிருந்து 25,000 வோல்ட் எடுத்து மணிக்கு 300 கிலோமீட்டரில் பறந்தன. இங்கிலாந்துக்குள் வந்ததும் தரையோரம் பதித்த மூன்றாவது தண்டவாளத்தின் 750 வோல்ட்டை நம்பி, புறநகர் ரயில்களுக்குப் பின்னால் ஊர்ந்தன. 2007வரை இந்தக் கூத்து நீடித்தது.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது ஒப்பந்தம் என்பேன். கோலாலம்பூர்–சிங்கப்பூர் திட்டம், சுமார் 350 கிலோமீட்டர், 90 நிமிடப் பயணம். 2016 டிசம்பரில் கையெழுத்தானது. ரயில்களையும் தண்டவாளத்தையும் பொதுவாக வாங்கிப் பராமரிக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்பதில் சிங்கப்பூர் உறுதியாக இருந்தது. மலேசியா அதைக் கைவிட விரும்பியது. 2020 டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் காலாவதியாக, மலேசியா கொடுத்த இழப்பீடு 10.28 கோடி சிங்கப்பூர் டாலர்.