மருத்துவர் பதில்: லே பயணமும் அடைப்புக்குறிக்குள் ஓர் இருமலும்

எட்டுப் பேராக மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை ஒன்பது நாளில் சைக்கிள் ஓட்டப் போவதாக எழுதி, பதினொரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவற்றை ஓரமாக வைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆறாவது கேள்விக்கு நடுவில், அடைப்புக்குறி போட்டு, "போன வருடம் லேயில் கொஞ்சம் நெஞ்சுச் சளி, ஆன்டிபயாடிக் போட்டதும் சரியாகிவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நீங்கள் எழுதியதையே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். கோவையிலிருந்து கிளம்பி, டெல்லியில் விமானம் மாறி, காலையில் லே. அது 3,500 மீட்டர். மறுநாளே சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு கர்துங் லா (லா என்றால் கணவாய்), 5,359 மீட்டர், அங்கிருந்து கீழே உருட்டிக்கொண்டு வந்து எல்லோரும் போட்டோ போட்டிருக்கிறீர்கள். அன்று இரவு வறட்டு இருமல். படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்கள். பாத்ரூம் போய் வருவதற்குள் இளைத்தது. காய்ச்சல் பெரிதாக இல்லை. அடுத்த நாள் டெல்லிக்கு வந்து இறங்கியதும் நன்றாகிவிட்டது.

சார், அது சளி இல்லை. நேரில் பார்க்காமல் சத்தியம் பண்ண முடியாதுதான், ஆனால் இந்த வரிசையில் வந்த ஒன்றுக்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நிமோனியா என்றால் இரண்டு மாத்திரையில், ஒரே பகலில் ஓடிவிடாது. உங்களைக் குணப்படுத்தியது டெல்லியின் காற்று, அந்தக் காற்றைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் இது.

நடப்பது இதுதான். மேலே போகப் போக காற்றழுத்தம் குறைகிறது, கர்துங் லாவில் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆக்ஸிஜன் குறைந்ததும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, சிலருக்கு அளவுக்கு மீறி, அதுவும் ஓர் இடத்தில் அதிகமாகவும் ஓர் இடத்தில் குறைவாகவும். சுருங்காத பகுதிக்குள் ரத்தம் முண்டியடித்துக்கொண்டு போக, அழுத்தம் தாங்காமல் நீர் கசிந்து காற்றறைகளில் இறங்குகிறது. கிருமிக்கு இதில் வேலையே இல்லை. இப்படி ஒருமுறை வந்தவருக்கு, அதே வேகத்தில் ஏறினால் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம்.

அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார் என்பதால் உங்கள் பயமெல்லாம் இதயத்தின் மேல் இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. டிரெட்மில் டெஸ்ட் நார்மல், பிரஷர் கட்டுக்குள், வாரம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். அந்தப் பக்கம் ஒரு இதயநோய் மருத்துவர் ஒருமுறை பார்த்துத் தலையாட்டினால் போதும். ஆனால் டிரெட்மில்லில் நன்றாக ஓடுகிறவருக்கு மலையில் ஒன்றும் வராது என்று யார் சொன்னது? 1962 போரையொட்டி லடாக் பக்கம் நம் வீரர்கள் அவசரமாக ஏற்றப்பட்டபோது படுத்தவர்களில் பலர் திடகாத்திரமான இளைஞர்கள். 1,925 பேரைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் 1969-இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் பேசப்படுகிறது. 600 கிலோமீட்டர் பிரெவே (நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) முடித்தவரை மலை தனியாக மதிக்காது. சொல்லப்போனால் தேறிய கால்கள்தான் ஆபத்து, நுரையீரல் தயாராவதற்கு முன்னால் ஆளை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். ஊட்டி ஏறிப் பழகியிருக்கிறேன் என்கிறீர்கள். நல்ல பயிற்சி, தொடைக்கு. ஊட்டி 2,240 மீட்டர், மணாலியைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

இப்போது உங்கள் பயணத் திட்டம். மணாலியைத் தாண்டி ஜிஸ்பாவில் (3,200) ஓர் இரவு, மறுநாள் ஏற்றத்துக்கு வேன், பாரலாச்சா கணவாய் தாண்டி சர்ச்சுவில் (4,300) தூக்கம். ஒரே நாளில் படுக்கை 1,100 மீட்டர் மேலே போகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது கணக்கு. பகலில் கொஞ்சம் அதிகம் ஏறி இறங்கினாலும், முதலில் கணக்கில் வைக்க வேண்டியது எங்கே படுக்கிறீர்கள் என்பதைத்தான்.

அதைவிட முக்கியமான ஒன்றை உங்கள் குழுவில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மலை நோய்க்கு மருந்து என்ன என்று யாரைக் கேட்டாலும் "கீழே இறங்கு" என்பார்கள். சர்ச்சுவில் இரவு இரண்டு மணிக்கு உங்களுக்கு மூச்சு முட்டினால் எந்தப் பக்கம் கீழே? மணாலி பக்கம் திரும்பினால் 4,850 மீட்டருக்கு மேலே உள்ள பாரலாச்சாவை ஏறித் தாண்ட வேண்டும். லே பக்கம் போனால் கட்டா லூப்ஸின் 21 வளைவு, நக்கீ லா, 5,000 தாண்டிய லாச்சுலுங் லா, அப்புறம் பாங், அதற்கப்புறமும் 5,328 மீட்டரில் தாங்லாங் லா. இறங்குவதற்கு முதலில் ஏற வேண்டிய இடம் அது. அதனால் உங்கள் விஷயத்தில் முடிவெடுக்க வேண்டிய இடம் பாரலாச்சாவுக்கு இந்தப் பக்கம். ஜிஸ்பாவில் இரண்டு இரவு, அங்கிருந்து பாரலாச்சாவுக்குப் போகும் வழியில் பட்சியோவில் ஒன்று, ஜிங்ஜிங்பாரில் ஒன்று. அங்கே காலையில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சர்ச்சு.

எப்படிப் பார்ப்பது? ஏற்றத்தில் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும். சைக்கிளை விட்டு இறங்கி, தாபாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீ வந்து ஆறியும் போனபிறகு மற்ற ஏழு பேரும் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் ஒரு வாக்கியத்தை நடுவில் மூச்சு எடுக்காமல் முடிக்க முடியவில்லை, குனிந்து ஷூ லேஸ் கட்டினால் இளைக்கிறது என்றால், அதுதான். நான் சொல்லவேண்டிய ஒரே எச்சரிக்கை அதுதான். ஓய்விலும் அடங்காத மூச்சு. பெரும்பாலும் அதற்கு முந்தைய நாளே, வழக்கமாக முன்னால் போகிறவர் காரணமில்லாமல் கடைசியில் வருவார், எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வறட்டு இருமல் மட்டும் இருந்தால் மலைக்காற்றுக்கு யாருக்கும் வரும், இருமலோடு இந்த மூச்சும் சேர்ந்தால் விடிய வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு நண்பரை உங்கள் முதுகில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள், வலது பக்கத்தில் முதலில். காதோரம் முடியைத் தேய்த்தால் வருமே, அந்தச் சரசரப்பு கேட்டால் சந்தேகமே வேண்டாம். கேட்காவிட்டாலும் மூச்சை நம்புங்கள். இளஞ்சிவப்பு நுரை துப்பும் வரை பொறுத்திருப்பது ரொம்பத் தாமதம்.

அப்போது செய்ய வேண்டியது ஆக்ஸிஜன், இறக்கம், இரண்டும் வேனில். சைக்கிள் மிதிக்கவே கூடாது. ஆக்ஸிஜன் என்றால் ரெகுலேட்டர், மாஸ்க்கோடு நிஜ சிலிண்டர், கணவாயைத் தாண்டும் வரை அது ஓட வேண்டும். கடையில் விற்கும் கொசு மருந்து டப்பா மாதிரியான கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

யாராவது குளறுபடியாகப் பேசினாலோ, ரோட்டின் வெள்ளைக் கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, அது மூளை வீக்கம். அதற்கும் இதே அவசரம், இதே வேன்.

மற்றவை சீக்கிரமாக. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்துவதால், கையை மாற்றி மாற்றிப் பிடியுங்கள். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று பிறகு வேகமாக வருவது அந்த உயரத்தில் சகஜம், கூடாரத்தில் பக்கத்தில் படுத்தவர்தான் பயப்படுவார். ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 84 வந்தால் இறந்துவிடுவேனா என்கிறீர்கள். 4,300 மீட்டரில் நன்றாக இருப்பவருக்கும் அந்த எண் வரும், விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். கற்பூரம் முகர்வது மணக்கும், அவ்வளவுதான். பூண்டு சூப் தாராளமாகக் குடிக்கலாம், சூடாக இருக்கும்.

நீங்கள் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் மருந்துப் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்கே பிரஷர் ஏறியது. நீர் பிரிக்கும் மாத்திரையான லேசிக்ஸ் எதற்கு? நான் சொன்ன அந்தப் பழைய காலத்தில் ராணுவ மருத்துவர்களும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு கைவிடப்பட்டது. இங்கே உடம்பில் நீர் மிஞ்சிப்போய்விடவில்லை, இடம் மாறிக் கசிந்திருக்கிறது. ஏற்கெனவே வறண்டுபோன சைக்கிள்காரருக்கு அதைக் கொடுத்தால் மயங்கி விழுவார். தூக்க மாத்திரை வேண்டாம், முகாமில் ரம்மும் வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அவசரத்துக்கு, தினமும் காலையில் காபியோடு போடுவதற்கு இல்லை. அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம் இருவேளை, ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து, பலருக்கும் உதவும். விரல் நுனி குறுகுறுக்கும், சோடா கசக்கும், அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கும். ஆனால் அது தலைவலி வகை மலை நோய்க்கு. உங்கள் நுரையீரலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. உங்களைப் போன்றவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கப்படுவது மெல்லக் கரையும் நிஃபெடிபின், நீங்களோ அதே குடும்பத்து அம்லோடிபினை ஏற்கெனவே பிரஷருக்குச் சாப்பிடுகிறீர்கள். இரண்டையும் நீங்களாகச் சேர்த்துக்கொண்டால் மணாலியிலேயே தலை சுற்றி விழலாம். எதை நிறுத்தி எதைத் தொடங்குவது என்பதை ஒரு மருத்துவர் உங்கள் பிரஷரைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரி. "என்னால் மற்ற ஏழு பேரின் லீவு கெட்டுவிடக் கூடாது." இதயம், விரல், ஆக்ஸிமீட்டர் எல்லாவற்றையும்விட நீங்கள் பயப்படுவது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். போன வருடம் அந்த இரவு முழுக்க அறை நண்பரை எழுப்பாமல் உட்கார்ந்திருந்ததும் இதனால்தானே? மலையில் ஆட்கள் சாவது பாதி இந்தக் கூச்சத்தால். கிளம்புவதற்கு முன்பே மற்ற ஏழு பேரிடமும் போன வருடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். வேன் எப்போதும் கடைசி ஆளுக்குப் பின்னால் வரட்டும். யாருக்கு மூச்சு அடங்கவில்லையோ அவர் ஏறிக்கொள்வார், ஓட்டெடுப்பு கிடையாது. செல்போன் சிக்னலை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

ஒன்பது நாளைப் பன்னிரண்டு பதின்மூன்று நாளாக்க அவர்கள் சம்மதித்தால் போகலாம். லீவு இல்லை என்றால் இந்த முறை நீங்கள் போகாதீர்கள், ஜிஸ்பா வரை ஓட்டிவிட்டுத் திரும்பினாலும் நல்ல ரோடுதான். எதுவானாலும் முதலில் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் சாதாரணமாக இருக்கிறதா, இதயத்தில் பிறவி ஓட்டை எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்த ரிப்போர்ட்டோடு உங்கள் ஊரில் ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது மருந்து வாங்கி வைத்திருக்கும் அந்த ஜிப் பையையும் கொண்டுபோய் அவர் மேஜையில் கொட்டுங்கள், லேசிக்ஸை அவரே எடுத்து வைத்துக்கொள்வார்.