வீட்டு ஜெபத்தைக் கணவர்தான் நடத்தணுமா?

'புருஷன்தான் ஆவிக்குரிய தலைவர், நீ ஜெபம் நடத்தக்கூடாதுங்கறாரு, பைபிள் அப்படித்தான் சொல்லுதா'ன்னு கேட்டிருக்கீங்க. தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் கெட்டவரா இருக்க மாட்டாரு, புதுசா ஏதோ பிரசங்கம் கேட்டுட்டு வந்திருப்பாரு. எப்படித் தெரியும்னா, நானும் அப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிட்டு வந்தவன்தான்.

நான் மதுரைல டவுன் பஸ் கண்டக்டரா இருந்து போன வருசம் ரிட்டயர்டு ஆனவன். கல்யாணமாகி ரொம்ப வருசம் வீட்ல ஜெபம் நடத்துனது என் சம்சாரம்தான். ஏழரைக்கு ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், சின்னதா ஜெபம், உடனே பிள்ளைகளுக்குச் சோறு. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் எபேசியர் 5:23ஐ வச்சு 'புருஷன்தான் தலை, தலை இல்லாம முண்டம் ஜெபிக்குமா'ன்னு கேட்டாரு, எனக்கு ரோசம் வந்துருச்சு. இனிமே நான் வந்துதான் ஜெபம்னு சட்டம் போட்டேன். செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு கலெக்சன் கட்டிட்டு நான் வீடு வந்து சேர பதினொண்ணாகும். பிள்ளைக ரெண்டும் பைபிளை மடில வச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சு தூங்கும், எழுப்பி உக்கார வைப்பேன்.

ஒரு நா முழங்கால் போட்டு ஜெபிச்சுக்கிட்டே கண்ணு சொக்கிருச்சு. 'பரலோகப் பிதாவே, இந்தக் குடும்பத்தை'ன்னு ஆரம்பிச்சவன் 'பெரியார், பெரியார், கடைசி ஸ்டாப், எல்லாம் இறங்கு'ன்னு பெரியார் பஸ் ஸ்டாண்டுல கத்துற மாதிரியே கத்தியிருக்கேன். சின்னவ தூக்கத்துல நெசமாவே எந்திரிச்சு நின்னுட்டா. என் சம்சாரம் சிரிக்கல, 'ஆமென்'னு முடிச்சு வச்சுட்டு குழம்பைச் சூடு பண்ணப் போயிட்டா. மறுநா டூட்டிக்குக் கிளம்பும்போது பைபிளை எடுத்து அவ கைல குடுத்துட்டுப் போனேன், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

அப்புறம்தான் எபேசியர்ல அந்த அஞ்சாம் அதிகாரத்தை முழுசா படிச்சேன். 21ம் வசனத்துல ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படியச் சொல்லுது, 25ம் வசனத்துல கிறிஸ்து சபைக்காகத் தன்னையே குடுத்த மாதிரி புருஷன் பொண்டாட்டிகிட்ட அன்பா இருக்கணுங்குது, வீட்ல ஜெபம் யாரு நடத்தணும்னு ஒரு வரி இல்ல. உடனே பொம்பளை உபதேசம் பண்ணக்கூடாதுங்கற 1 தீமோத்தேயு 2:12ஐத் தூக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். நான் வேதபண்டிதன் இல்லங்க, ஆனா அதே தீமோத்தேயுவுக்கு எழுதுன ரெண்டாவது நிருபத்துல, 1:5ல, அந்தப் பையனோட விசுவாசம் முதல்ல பாட்டி லோவிசாள்கிட்டயும் அம்மா ஐனிக்கேயாள்கிட்டயும் இருந்துச்சுன்னு அதை எழுதுன பவுலே சொல்றாரு. அப்பன் கிரேக்கன்னு அப்போஸ்தலர் நடபடிகள்ல வருது, பேரு கூட வரல.

சபைல பொம்பளை ஆயரா வரலாமாங்கறது வேற பஞ்சாயத்து. எங்க சி.எஸ்.ஐ.ல, அதான் தென்னிந்தியத் திருச்சபைல, 1976லயே பொம்பளைகளுக்கு ஆயர் பட்டம் குடுத்தாச்சு, 2013ல ஆந்திராவுல நந்தியால்ல புஷ்ப லலிதா அம்மா பிஷப்பே ஆயிட்டாங்க. ஆர்.சி.ல, அதான் ரோமன் கத்தோலிக்க சபைல, பெண்களுக்குக் குருப்பட்டம் கிடையாது, ஆனா எங்க டிப்போ ஆர்.சி. டிரைவர் ஒருத்தர் வீட்ல செபமாலை சொல்றது அவரு அம்மாதான், இவரு மணிய உருட்டிக்கிட்டு பின்னாடியே சொல்லுவாரு, அதுல அவரு மருவாதை ஒண்ணும் குறைஞ்சு போகல.

  

உங்க வீட்டுக்காரர்கிட்ட வசனத்தை வச்சு மல்லுக்கட்டாதீங்க, அவரு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றாருன்னு மட்டும் பாருங்க. சீக்கிரம் வந்தா ஒரு நா அவரு, ஒரு நா நீங்க. நான் ஆம்பளைக்குச் சப்போர்ட் பண்றேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

எங்க வீட்ல இன்னைக்கும் அவதான் வாசிப்பா, நான் பாட்டு எடுத்துக் குடுப்பேன், சுதி சேராது. ஜெபம் கொஞ்சம் நீண்டுச்சுன்னா சின்னவ என்னை லேசா இடிச்சு, 'பெரியார் வந்துருச்சாப்பா'ங்குறா.