கொள்வனவு எதை அறிவிக்க வேண்டும்?

வணக்கம் ஐயா,
கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலைக்காக நெற்கொள்வனவு மென்பொருள் எழுதுகிறேன். சி ஷார்ப் மொழி, திரைகளுக்கு டபிள்யூபிஎஃப் நூலகம். ‘கொள்வனவு’ வகுப்பில் நிறை, ஈரப்பதன், விலை என எது மாறினாலும் திரைக்கு அறிவிப்புப் போகிறது. பருவ முடிவில் மீள்கணிக்கும்போது திரை உறைகிறது. அறிவிப்புகளை வகுப்பிலிருந்து எடுத்துவிடு என்கிறார் நண்பர். அப்படியென்றால் ஒவ்வொரு புலத்தையும் கொள்வனவில் ஒரு தடவை, திரைக்கான வகுப்பில் ஒரு தடவை என இரண்டு தடவை எழுத வேண்டுமே?
— வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

நண்பர் சொல்வது சரி. ஆனால் திரை உறைவதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நிறையை மாற்றும் அந்த வரியிலேயே அறிவிப்பு எழுகிறது. கேட்டிருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வேலையை முடித்த பிறகே ஈரப்பதனை மாற்றும் வரி ஓடும். இடையில் நாள் மொத்தத்தைக் கூட்டும் பகுதி புதிய நிறையையும் பழைய ஈரப்பதனையும் சேர்த்துப் படித்துவிடும். காலபோக நெல்லை ஏற்றி வந்து மேசை முன் நிற்கும் கமக்காரருக்கு ஈரக்கழிவு பிழைத்த தொகை காட்டப்படலாம். இதை அலட்சியமாக விடக் கூடாது.

இந்த அறிவிப்புக்குப் பயன்படும் இடைமுகம் (ஐநோட்டிஃபைபுரொப்பர்ட்டிசேஞ்ச்ட்) 2005இல், சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளமான டொட் நெட் 2.0உடன் வந்தது, டபிள்யூபிஎஃப் வந்ததோ 2006இல். அது திரை நூலகத்தைச் சேர்ந்ததன்று, சிஸ்டம் கொம்பொனன்ட்மொடல் என்ற பொதுப் பெயர்வெளியில் இருக்கிறது. வணிக வகுப்புக்குள் அது தடையில்லாமல் நுழைந்துவிடுவது அதனால்தான்.

இரண்டு தடவை எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதுநர் திருத்தும் புலங்களுக்கு மட்டும் ஒரு திரைமாதிரி வகுப்பு, அதாவது திரைக்கும் கொள்வனவுக்கும் இடையில் நிற்கும் வகுப்பு, போதும். கொள்வனவைத் தன்னுள் வைத்திருக்கும் அது, ‘அளவீட்டைப் பதி’ என்ற ஒரே செயல்முறைக்கு நிறையையும் ஈரப்பதனையும் ஒன்றாகக் கொடுக்கட்டும். கணக்கு முடிந்து திரும்பியதும் புலத்தின் பெயரை வெறுமையாக விட்டு ஒரு தடவை அறிவித்தால், எல்லாப் புலங்களும் மாறின என்று எடுத்துக்கொண்டு திரை அனைத்தையும் மீளப் படிக்கும். பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியதில்லை.

திரை திறந்திருக்கையில் மீள்கணிப்பு வேறொரு இழையில் (திரையின் வேலையோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலைத்தொடரில்) ஓடினால்? கொள்வனவு பேசலாம், ஆனால் ஆலையின் மொழியில்: ‘மீள்கணிக்கப்பட்டது’ என்று ஒரே நிகழ்வு. அதைக் கேட்டுத் திரையின் இழைக்கு மாற்றுவது திரைமாதிரியின் பொறுப்பு. தனிப்புல அறிவிப்பை டபிள்யூபிஎஃப் தானாகவே திரை இழைக்குக் கொண்டுவரும். ஆனால் திரையோடு பிணைத்த ஒப்சேர்வபிள் கொலெக்சனை (தன் மாற்றங்களைத் தானே அறிவிக்கும் பட்டியலை) வேறு இழையிலிருந்து மாற்றினால் பிழை எறியும். சாளரத்தை மூடும்போது அந்த நிகழ்விலிருந்து விலக மறக்காதீர்கள். விலகாவிட்டால், கொள்வனவு நினைவகத்தில் இருக்கும்வரை திரைமாதிரியும் போகாது.

வெறுமனே காட்டும் பட்டியல்களில் கொள்வனவையே நேராகப் பிணைக்கலாம், ஆனால் மதிப்பை ஒரு தடவை மட்டும் படிக்கும் ஒன்டைம் முறையில். அறிவிப்பில்லாத பொருளை வேறு முறையில் பிணைத்தால் அதுவும் நினைவகத்தில் தேங்க இடமுண்டு. விலைப்பட்டியல் போன்ற சிறு படிவங்களை இப்போது தொட வேண்டாம். கொள்வனவிலிருந்து தொடங்குங்கள்.