பூமிக்கடியில் இருபது மீட்டர்: கசிவு பற்றிக் கேட்டவர்களுக்கு

சென்னையில் ஆழமான பேஸ்மென்ட், மெட்ரோ நிலையம் என்று இருபத்திரண்டு வருஷமாகக் குழிக்குள்தான் வேலை. மொட்டைமாடி ஒழுகல், பாத்ரூம் ஓதம் எல்லாம் என் துறை இல்லை என்று, நிலத்தடிக் கசிவு பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னபோதே சொல்லியிருந்தேன். அப்படியும் பாதிப் பேர் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். மீதிக் கேள்விகளுக்குப் பதில் இதோ.

கேள்வி: மெட்ரோ நிலையச் சுவரின் வெளிப்பக்கம் மெம்ப்ரேன் (நீர் புகாத தாள்) எப்படி ஒட்டுகிறார்கள்? ஆள் இறங்க இடமே இருக்காதே?

ஒட்டுவதில்லை. நல்ல கேள்வி, அதனால் நீளமாகவே சொல்கிறேன். நிலையத்தின் வெளிச்சுவர், அதாவது டயாஃப்ரம் சுவர், மண்ணுக்குள்ளேயே வார்க்கப்படுகிறது. கிராப் என்ற இயந்திரக் கவ்வியை வைத்து ஐந்தாறு மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் தோண்டி, மண் சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண்ணின் கரைசலை நிரப்பி, கம்பிக்கூட்டை இறக்கி, ட்ரெமி குழாய் வழியாகக் கான்கிரீட்டை அடியிலிருந்து விடுவோம். கான்கிரீட் ஏற ஏற பென்டோனைட் மேலே வந்துவிடும். அந்தச் சுவரின் வெளிமுகத்தை எந்த மனிதனும் பார்த்ததில்லை. மெம்ப்ரேன் போட முடிவது கூரைத் தளத்தின் மேலும் அடித்தளத்தின் கீழும்தான். நடுவே சுவருக்குக் கான்கிரீட்தான் காப்பு, பல இடங்களில் உள்ளே இன்னொரு சுவரும் வரும்.

கான்கிரீட் நன்றாக இருந்தால் சுவர் ஒழுகாது, ஜாயிண்ட்தான் ஒழுகும். இதை இன்று இன்னும் மூன்று முறையாவது சொல்வேன். இப்படி வார்க்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு பேனல். ஒரு பேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டை, வாட்டர் பார், வைக்கிறோம், சரி. ஆனால் முந்தைய பேனலின் முகத்தைச் சுரண்டிக் கழுவாமல் அடுத்ததை வார்த்தால் நடுவில் பென்டோனைட் படலம் மாட்டிக்கொள்ளும். ஒரு நிலையத்தில் 14 மீட்டர் ஆழத்தில் ஜாயிண்ட் ஓரமாகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், முதல் கணு வரை உள்ளே போனது. வெளியே எடுத்தால் நகத்தில் சாம்பல் நிறக் களி, பின்னாலேயே தண்ணீர்.

தண்ணீர் தெளிவாக வந்தால் பேக்கர் என்ற ஊசிக்குழாயை அடித்து, அதன் வழியே ரெசின் ஏற்றி நிறுத்திவிடலாம். மணலோடு வந்தால் அது கசிவே இல்லை, சுவருக்குப் பின்னால் நிலம் காலியாகிறது என்று அர்த்தம். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் 2009 மார்ச் 3 அன்று நகர ஆவணக் காப்பகமே சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பக்கத்தில் மெட்ரோவுக்காகத் தோண்டிய குழியின் டயாஃப்ரம் சுவரில் குறை. அதன் வழியாக மணலும் தண்ணீரும் உள்ளே கொட்டியிருக்கிறது.

கேள்வி: எந்தக் கம்பெனி கெமிக்கல் நல்லது?

ஜாயிண்டைக் கழுவுங்கள். அப்புறம் கெமிக்கல் பேசலாம்.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டு தள பேஸ்மென்ட். ராஃப்ட்டும் (அடித்தளக் கான்கிரீட் பலகை) சுவரும் சேரும் இடத்தில் ஒழுகுகிறது. பில்டர் உள்பக்கம் இரண்டு முறை கோட்டிங் அடித்தார், உரிந்துவிட்டது.

உரியத்தான் செய்யும், பின்னாலிருந்து தண்ணீர் தள்ளுகிறதே. பி.யூ. (பாலியூரிதேன்) இன்ஜெக்‌ஷன் செய்யச் சொல்லுங்கள். ஜாயிண்டின் மேலே துளை போடாமல், தள்ளி நின்று 45 டிகிரி சாய்வில் போட்டுச் சுவரின் நடுத்தடிமனில் ஜாயிண்டைத் தொட வேண்டும். பி.யூ. தண்ணீரோடு சேர்ந்து நுரைத்து அடைக்கும். அந்த நுரை மட்டும் ரொம்ப நாள் நிற்காது, பின்னாலேயே நுரைக்காத ரெசினும் ஏற்ற வேண்டும். வேலையை நவம்பர், டிசம்பரில் வையுங்கள். மே மாதம் பார்த்தால் நிலத்தடி நீர் இறங்கிச் சுவர் காய்ந்திருக்கும், எந்த இடம் ஒழுகும் என்றே தெரியாது, பில்டரும் சந்தோஷமாகக் கையெழுத்து வாங்கிப் போய்விடுவார்.

கேள்வி: ஜாயிண்டில், நீர் பட்டால் ஊதி அடைக்கும் ஸ்ட்ரிப்பை ஒட்டிய பின் மழை பெய்துவிட்டது. கான்கிரீட் போடலாமா?

ஊதிவிட்டதா? பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிது ஒட்டுங்கள்.

கேள்வி: நல்ல பிராண்ட் ஒன்று சொல்லுங்களேன்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: கடுக்காயும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பு?

மெட்ராஸ் டெரஸுக்கு (பழைய வீடுகளின் செங்கல், சுண்ணாம்பு மொட்டைமாடி) அருமை. இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 20 டன் தள்ளும் தண்ணீருக்கு அல்ல.

ஆர்.எம்.சி. (ரெடிமிக்ஸ் கான்கிரீட்) பிளாண்ட்டில் இருக்கும் நண்பர்: கிரிஸ்டலைன் பவுடர் கலந்த கான்கிரீட் இருக்கும்போது மெம்ப்ரேன் எதற்கு? பணம் தண்டம்.

பவுடரை நானும் போடுகிறேன். மெல்லிய, அசையாத விரிசலில் படிகம் வளர்ந்து அடைக்கும். கான்கிரீட் சரியாக நிரம்பாமல் தேன்கூடு விழுந்த இடத்தை அடைக்காது, வார்ப்புப் பலகைகளைப் பிடிக்கும் டை ராட் கம்பியின் துளையை அடைக்காது.

அவரே: ஜெர்மனியில் மெம்ப்ரேனே இல்லாமல் ‘வெள்ளைத் தொட்டி’ கட்டுகிறார்களே?

கட்டுகிறார்கள். விரிசல் 0.2 மி.மீ. அளவைத் தாண்டாதபடி கணக்குப் பார்த்துக் கம்பி கூட்டி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் வாட்டர் பார் வைத்து, ஆள் நின்று பார்த்துக் கட்டுகிறார்கள். மெம்ப்ரேனில் மிச்சமான காசு கம்பிக்கும் மேற்பார்வைக்கும் போகிறது. நம் ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கலவை இறுகுகிறது என்று லாரியிலேயே ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

அவரே: எங்கள் பிளாண்ட்டில் ஒரு சொட்டுகூட ஊற்றுவதில்லை!

பிளாண்ட்டில் ஊற்றுகிறார்கள் என்று நான் எங்கே சொன்னேன், சைட்டில் ஊற்றுகிறார்கள். ஆனால் ஒன்றில் உங்கள் பக்கம்தான் நியாயம். கம்பி கட்டும்போது மெம்ப்ரேன் கிழிந்துவிட்டால் தண்ணீர் அதன் பின்னால் நடந்து எங்கோ பத்து மீட்டர் தள்ளி எட்டிப்பார்க்கும், கிழிசலைத் தேடவே முடியாது. அதனால்தான் முழுக்கக் கான்கிரீட்டோடு ஒட்டிப் பிடிக்கும் வகையை மட்டும் கேட்கிறேன்.

கேள்வி: ராஃப்ட் போட்டாகிவிட்டது, நீர் இறைக்கும் பம்பை நிறுத்தலாமா? டீசல் செலவு தாங்கவில்லை.

கூடாது! நீர்மட்டத்துக்கு 8 மீட்டர் கீழே ராஃப்ட்டின் அடி இருந்தால் சதுர மீட்டருக்கு 8 டன் மேலே தூக்கும். ஒரு மீட்டர் தடிமன் ராஃப்ட்டின் எடை சதுர மீட்டருக்கு இரண்டரை டன்தான். மேலே எத்தனை தளம் ஏறிய பிறகு நிறுத்தலாம் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரும் வையுங்கள்.

கேள்வி: கெமிக்கல் பிராண்ட்...

ஜாயிண்ட்!

ஆர்.எம்.சி. நண்பர்: எங்கள் பவுடர் 0.4 மி.மீ. விரிசல் வரை அடைக்கும், டெஸ்ட் சர்டிஃபிகேட் இருக்கிறது.

அதையும் லாமினேட் செய்து ஜாயிண்டில் ஒட்டிப் பாருங்கள்.