முகட்டு வழி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜப்பானின் வட ஆல்ப்ஸில் யாரி சிகரத்திலிருந்து ஹொத்தாக்கா வரை முகட்டிலேயே நடந்து போகும் வழியைப் பற்றி இம்மாதம் பலர் கேட்டிருக்கிறார்கள். பொதுவாக உதவக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: வாரந்தோறும் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றில் ஏறுகிறோம். போர்னியோவின் கினபாலு மலையும் ஏறியாயிற்று. யாரிக் குடிலிலிருந்து ஹொத்தாக்காக் குடில் வரை 9 மணி நேரம் என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது. எங்களால் ஒரே நாளில் முடியுமா?
— வாசகர், ஈசூன்

பதில்: கினபாலு ஏறியவர்களுக்கு மூச்சு போதும். ஆனால் அங்கே ஏறிய வழியிலேயே இறங்குகிறீர்கள். களைத்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். முகட்டு நடையில் அது நடக்காது. ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்புவதும் தொடர்வதும் ஒரே அளவு கடினம். ஆகவே கடிகாரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

யாரியின் உயரம் 3180 மீட்டர். மலையேறிகள் தங்கும் குடில் அதன் தோளில் 3080 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே ஓபாமி (3101), நாக்கா (3084), மினாமி (3033) ஆகிய மூன்று சிகரங்கள். இதுவரை சுமார் 3 மணி நேரம், பெரிய சிக்கல் இல்லை. மினாமிக் குடிலைத் தாண்டியதும் முகட்டின் பெரும் வெட்டான டாய்கிரெட்டோ தொடங்குகிறது. முகடு 2748 மீட்டருக்கு விழுந்து, கித்தா ஹொத்தாக்கா சிகரத்தில் 3106 மீட்டருக்கு எழுகிறது. 285 மீட்டர் இறக்கம், 358 மீட்டர் ஏற்றம் என்று கணக்கில் சிறிதாகத் தெரியும். ஆனால் பாதி தூரம் கையும் காலும் பாறையில்தான் இருக்கும். மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் கீழே இறங்கிவிட வழி கிடையாது.

எனவே முடிவு எடுக்க வேண்டிய இடம் மினாமிக் குடில். காலை 5 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு அங்கே இருப்பீர்கள். 9 மணியைத் தாண்டிவிட்டாலோ, பாறை நனைந்திருந்தாலோ, காற்றில் உடல் தள்ளாடினாலோ மேலே போகாதீர்கள். அங்கேயே தங்கலாம், அல்லது மேற்குப் பக்கம் யாரிதைராக் குடிலுக்கு இறங்கலாம். கித்தா ஹொத்தாக்காவை அடைந்த பிறகு களைப்பாக இருந்தால் கராசாவா பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழி உண்டு. இறங்காமல் முகட்டிலேயே தொடர்ந்தால், கித்தா ஹொத்தாக்காவிலிருந்து கராசாவா சிகரம் (3110) வழியாக 2996 மீட்டரில் உள்ள ஹொத்தாக்காக் குடிலுக்குப் போக இன்னும் இரண்டரை மணி நேரம் ஆகும். அந்தப் பகுதியும் செங்குத்துதான். கடினமானது முடிந்துவிட்டது என்ற நினைப்போடு அதில் இறங்கக் கூடாது.

இவ்வளவு சீக்கிரம் கிளம்பச் சொல்வது இடிமழைக்காக. கோடையில் மேகம் பிற்பகலில்தான் திரளும். 1967 ஆகஸ்ட் 1 அன்று, இதே ஹொத்தாக்கா தொடரின் நிஷி ஹொத்தாக்காவில் மின்னல் தாக்கிப் பள்ளி மாணவர்கள் 11 பேர் இறந்தார்கள். பிற்பகல் 3 மணிக்குள் குடிலுக்குள் இருக்க வேண்டும்.

வடக்கிலிருந்து தெற்காகவே போங்கள். கித்தா ஹொத்தாக்காப் பக்கச் செங்குத்தை இறங்குவதைவிட ஏறுவது எளிது. கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். பாறையில் வெள்ளை வட்டம் இருந்தால் வழி, பெருக்கல் குறி இருந்தால் வழியல்ல. அடுத்த வட்டம் கண்ணில் படாவிட்டால் கடைசியாகப் பார்த்த வட்டத்துக்குத் திரும்புங்கள். மூடுபனியில் ‘இப்படித்தான் இருக்கும்’ என்று பத்து அடி போவதுதான் ஆபத்து. ஹசேகவா முனையில் முகடு கத்தி விளிம்பாகிவிடும். ஒரு பக்கம் நாகானோ மாநிலம், மறுபக்கம் கிஃபு மாநிலம். அதைத் தாண்டி இறங்கினால் ஒரு சிறு தாழ்வு வரும். பையை இறக்கிவைத்துத் தண்ணீர் குடிக்க ஏற்ற இடம் அதுதான். அடுத்து வரும் ஹிதாநாக்கி என்ற செங்குத்துப் பாறையில் சங்கிலியும் இரும்பு மிதிகளும் உண்டு. சங்கிலி நிதானத்துக்கு மட்டுமே, எடை காலில்தான் இருக்க வேண்டும். ஒரு சங்கிலித் துண்டை ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பிடிக்க வேண்டும். ஊன்றுகோலை மினாமியிலேயே மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஏணியில் மாட்டும். தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். மேலே யாராவது “ராக்கு!” என்று கத்தினால் கல் உருள்கிறது என்று பொருள், அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

நாகானோ மாநில விதிப்படி 2016 ஜூலை முதல் இத்தகைய மலைகளுக்கு ஏற்றத் திட்டத்தை முன்கூட்டியே பதிந்தாக வேண்டும். குடிலுக்கும் முன்பதிவு செய்யுங்கள். பயணக் காப்பீட்டில் 3000 மீட்டருக்கு மேல் விலக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக்கில் 16 மாடி. படியேறிப் பழகினால் போதுமா?
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: ஏறுவதோடு இறங்கவும் வேண்டும். நம்மவர்கள் படியேறிவிட்டு மின்தூக்கியில் கீழே வந்துவிடுகிறார்கள். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழகாத தசை அதில்தான் சேதமாகும். வலி மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். முகட்டில் நடுங்கும் தொடையோடு சங்கிலியைப் பிடித்து நிற்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் படிப்படியாக இறங்கிப் பழகினால் அதே சுமை அந்தளவு வலிக்காது.

மாடிக்குச் சுமார் 2.8 மீட்டர் என்று வைத்தால், தரையிலிருந்து 16ஆம் மாடி ஏறத்தாழ 42 மீட்டர். எட்டரைச் சுற்று ஏறினால் டாய்கிரெட்டோ அடியிலிருந்து கித்தா ஹொத்தாக்காவுக்கு ஏறிய உயரம் வந்துவிடும். முதல் வாரம் பையில்லாமல் நான்கு சுற்று. பிறகு 8 கிலோ பையுடன் பத்துச் சுற்று வரை. ஏற்றமும் இறக்கமும் நடந்தே. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு கடும் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

படிக்கட்டு ஒன்றை மட்டும் கற்றுத்தராது: கரடுமுரடான இடத்தில் கால் வைப்பதை. ஜோகூரின் லேடாங் (1276 மீட்டர்) உச்சிப் பகுதியில் ஏணியும் கயிறும் உண்டு. உள்ளரங்கப் பாறைச்சுவரில் மிக எளிய தடங்களில் ஏறிய வழியே இறங்கிப் பழகுங்கள்.

கேள்வி: நல்ல மலைக்காலணி ஒன்று ஆறு வருடமாக அலமாரியில் புதிதுபோலவே இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், செங்காங்

பதில்: வேண்டாம். பல மலைக்காலணிகளில் அடித்தோலுக்கும் மேற்பகுதிக்கும் நடுவே பாலியூரித்தேன் மெத்தை இருக்கும். அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, போடாமலே வைத்திருந்தாலும் உளுத்துப்போகும். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே. வெளியே தோல் பளபளவென்று இருக்கும். நடந்த சில மணி நேரத்தில் அடிப்பகுதி முழுதாகக் கழன்று வரும். கட்டை விரலால் மெத்தையை அழுத்திப் பாருங்கள். நுண்ணிய கோடுகள் விரிந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, ஓரத்தில் பசை விட்டிருந்தாலோ தூக்கிப்போட்டுவிடுங்கள். வெளியே தெரியாவிட்டாலும் ஆறு வருடக் காலணியை இந்த வழிக்கு நம்ப முடியாது. புதிய காலணி வாங்கினாலும் பையில் நான்கு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையும் சிறிது ஒட்டுநாடாவும் வையுங்கள்.

கேள்வி: மழைக்கு போஞ்சோ போதாதா?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: மெக்ரிட்சி காட்டுப் பாதைக்குப் போதும். முகட்டுக் காற்றில் அது உப்பி முகத்தில் அடிக்கும், காலடியை மறைக்கும். மேலும் கீழுமாக இரண்டு துண்டு மழையுடை வேண்டும், உள்ளே பருத்தி கூடாது. 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி வீதம் குறைவதால் 3000 மீட்டரில் கடலோரத்தைவிட ஏறத்தாழ 18 டிகிரி குளிர். 2009 ஜூலை நடுவில், ஹொக்கைடோவின் தொமுராவுஷி மலையில் சுற்றுலாக் குழு ஒன்றின் எட்டுப் பேர் மழையிலும் காற்றிலும் உடல் குளிர்ந்தே இறந்தார்கள். அந்த மலை 2141 மீட்டர்தான்.

கேள்வி: ஜூன் விடுமுறையில் போகலாமா?
— வாசகி, பொங்கோல்

பதில்: கூடாது. அப்போது சரிவுகளில் பனி கிடக்கும், மழைக்காலமும் முடிந்திருக்காது. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை ஏற்ற காலம். செப்டம்பர் பள்ளி விடுமுறை பொருந்தும். ஆனால் புயல் பருவம் என்பதால் இரண்டு நாள் கையிருப்பு வையுங்கள். மலையடியிலுள்ள காமிகோச்சியில் (1500 மீட்டர்) ஓர் இரவு, யாரிக்குப் போகும் வழியிலுள்ள யாரிசாவாவில் ஓர் இரவு தங்கி மேலே போனால் தலைவலி குறையும்.

கேள்வி: நான் சைவம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன வழி?
— வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: முகட்டில் ஊற்று கிடையாது; குடில்களில் விலைக்குத் தண்ணீர் உண்டு. எடை × மணி நேரம் × 5 மில்லிலிட்டர் என்பது அங்கே வழங்கும் கணக்கு: 60 கிலோ, 9 மணி நேரம் என்றால் 2.7 லிட்டர். ஒன்றரை லிட்டருடன் கிளம்பி மினாமியில் நிரப்புங்கள். அதே பெருக்கலில் 2700 கலோரி செலவாகும்.

குடிலின் மிசோ சூப்பில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும், முக்கியப் பதார்த்தம் மீனோ இறைச்சியோதான். முன்பதிவிலேயே சொல்லிவையுங்கள், ஆனாலும் சோற்றுக்குப் பருப்புப்பொடி கையில் இருக்கட்டும். வழியில் கடலைமிட்டாய் (100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி), பேரீச்சை, உப்புக்கடலை. மணிக்கொரு தடவை கொஞ்சம் சாப்பிடுங்கள்; பசித்த பிறகு என்றால் தாமதம். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் ஜப்பானுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். கூட வரும் நண்பர்களிடமும் சொல்லிவிடுங்கள்: பக்குவா உட்பட எந்த இறைச்சிப் பண்டத்தையும் விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.