ஸ்காட்லாந்து கடலோரச் சாலையில் ஏழு பைக் சேர்ந்து போகலாமா?

கேள்வி: நாங்கள் ஏழு நண்பர்கள். கொல்லிமலை, வால்பாறை எல்லாம் பைக்கில் சேர்ந்தே போய் வந்திருக்கிறோம். வரும் ஜூனில் ஸ்காட்லாந்து போய், வாடகை பைக் எடுத்து 'நார்த் கோஸ்ட் 500' சுற்றத் திட்டம். நான்கு நாள் போதுமா? மலைச்சாலை பழகிய எங்களுக்கு அங்கே எதில் கவனம் வேண்டும்? – ஒரு வாசகர், கோவை

பதில்: வளைவுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு அது கைவந்த வேலை. வண்டியும் நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். உங்களுக்குச் சிக்கல் வரப்போவது 'ஏழு' என்ற எண்ணிக்கையில்தான்.

இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே வந்து முடியும் இந்தச் சுற்று 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் சாலை அகலம். வடக்கிலும் மேற்கிலும் பல இடங்களில் ஒரு வண்டி போகும் அகலம்தான் இருக்கும். ஆனால் எதிரிலும் வண்டி வரும். அதற்காகவே கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை சாலையோரம் சற்றே விரிந்து, 'பாஸிங் பிளேஸ்' என்ற பலகையோடு ஓர் ஒதுங்கிடம் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்கி நிற்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே உங்கள் ஓரத்திலேயே நின்றுகொள்ள வேண்டும். எதிர்வண்டி அதற்குள் புகுந்து உங்களைக் கடக்கும். பின்னால் வேகமாக வருபவருக்கும் அங்கே ஒதுங்கி வழிவிட வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற சாலை.

அந்த இடத்தில் இரண்டு பைக் தாராளமாக நிற்கும், மூன்று நெருக்கி நிற்கும். ஏழு நிற்காது. முதல் மூவர் ஒதுங்கியதும் மற்ற நால்வரும் நடுரோட்டில், எதிரே ஒரு கேரவன் வேன். பின்னுக்குப் போகவும் முடியாது. அதனால் மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரிந்து, பத்து நிமிட இடைவெளி விட்டுக் கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டுக்கும் தங்கும் ஊரிலும் சேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு குழுவிலும் ஆஃப்லைன் வரைபடம் இறக்கிய ஒரு போனாவது இருக்கட்டும். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சேர்ந்து போவதுதானே சந்தோஷம் என்று தோன்றும், எனக்கும் தெரியும். ஆனால் முன்னால் போகிறவனைத் தவறவிடக் கூடாது என்று பின்னால் வருகிறவன் அவசரப்படுவதுதான் குழுப் பயணத்தில் நான் அதிகம் பயப்படும் விஷயம். உங்களில் மெதுவாக ஓட்டுபவர் முதல் குழுவில் போகட்டும்.

நான்கு நாள் போதாது. குறுகிய பகுதியில் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஆறு அல்லது ஏழு நாள் வையுங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமே வேண்டாம்.

திசையையும் சொல்லிவிடுகிறேன்: முதலில் கிழக்குக் கரை. விக், ஜான் ஓ'குரோட்ஸ், தர்சோ வரை அகலச் சாலையில் வாடகை வண்டி கைக்குப் பழகிவிடும். அப்புறம் டர்னஸ், அல்லாபூல் வழியாகத் தெற்கே இறங்கினால் கடைசியில் பேலக் நா பா கணவாய். கடலோரத்திலிருந்து 626 மீட்டர் உயரத்துக்கு ஏறும் சாலை. சில இடங்களில் ஐந்தடிக்கு ஓரடி ஏற்றம். பைகளை லாக்கேரனில் இறக்கி வைத்துவிட்டு, கிஷார்ன் பக்கமிருந்து ஏறி, ஆப்பிள்கிராஸில் இறங்கி, ஷீல்டெய்க் கடலோரச் சாலையில் திரும்புங்கள். அப்படிப் போனால் கொண்டை ஊசிகளை ஏற்றத்தில் சந்திப்பீர்கள், அது எளிது. மேகம் இறங்கியிருந்தால் போகவே வேண்டாம்.

நம்மூரில் பழகாத மூன்று உண்டு. ஒற்றைச் சாலையின் நடுவில் பொடிக்கல்லும் பாசியும் ஒரு கோடு மாதிரி சேர்ந்திருக்கும். சக்கரத் தடத்தை விட்டு அதன்மேல் ஏறாதீர்கள். கால்நடை தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். மழையில் அவை எண்ணெய் தடவியது போல வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பிரேக் தொடாமல், வண்டியைச் சாய்க்காமல் நேராகக் கடக்க வேண்டும். மூன்றாவது ஆடு. ஒரு ஓரத்தில் தாய் மேய, எதிர் ஓரத்தில் குட்டி நின்றால், உங்கள் சத்தம் கேட்டதும் குட்டி தாயிடம் ஓடும். அதுவும் சரியாக உங்கள் சக்கரத்துக்கு முன்னால். ஜூனில் குட்டிகள் ஏராளம். பார்த்ததுமே நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

இந்திய உரிமத்தில் கியர் பைக் குறிப்பிட்டிருந்தால் அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனால் வாடகைக்குத் தருபவர்கள் வயது, பெரிய பைக் அனுபவம், முன்பணம் என்று தனி நிபந்தனை வைப்பார்கள். ஏழு பேரின் உரிம நகலையும் அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே விமான டிக்கெட் போடுங்கள். இன்டர்நேஷனல் பெர்மிட்டும் ஆர்.டி.ஓ.வில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள். மேற்கில் பங்குகள் தூரம் தூரமாக, சில ஞாயிறன்று மூடியும் இருக்கும். மழைக்கோட்டோடு முகத்தை மூடும் கொசுவலைத் தொப்பி ஒன்றும் ஆளுக்கு வாங்குங்கள். காற்று நின்ற மாலைகளில் மிட்ஜ் என்ற பொடி ஈ கூட்டமாக வந்து கடிக்கும். காற்றடிக்கும் மேடாகப் பார்த்து வண்டியை நிறுத்தினால் அதன் தொல்லை குறையும்.