ஒட்டு ரோஜாவா, சொந்த வேர் ரோஜாவா?

கேள்வி: வீட்டு முற்றத்தில் நட்ட ஒட்டு ரோஜா முதல் ஆண்டில் கருஞ்சிவப்பில் பெரிய பூக்களைத் தந்தது. இப்போது ஆளுயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகச் சிறு பூக்களே பூக்கின்றன. அடுத்த செடியை ஒட்டில்லாததாக வாங்க எண்ணுகிறேன். எந்த வகையைக் கேட்பது? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: இப்போது தங்கள் முற்றத்தில் பூப்பது பெரும்பாலும் தாங்கள் விலைகொடுத்து வாங்கிய ரோஜாவே அன்று. ஒட்டு ரோஜா என்பது, வேரோடு நிற்கும் ஒரு ரோஜாச் செடியின்மேல் வேறொரு ரோஜாவை ஒட்டி வளர்த்தது. ஒட்டுக்கட்டிய மேற்செடி பட்டுப்போக, அதைத் தாங்கிநின்ற வேர்ச்செடி தலையெடுத்துவிட்டது. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் குருத்துகளை அவ்வப்போது அடியோடு பிய்த்தெறிய வேண்டும் என்பதை விற்பவர்களில் பலர் சொல்வதில்லை. ஒட்டில்லாமல், நட்ட குச்சியே வேர்விட்டுச் சொந்த வேரில் நிற்கும் செடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆடு கடித்தாலும், தரையோடு வெட்ட நேர்ந்தாலும், வேரில் உயிர் இருக்கும்வரை மீண்டும் துளிர்ப்பது அதே ரோஜாதான்.

ஆனால் எல்லா ரோஜாவும் இப்படி வளராது. நம் சமவெளியில் பூவுக்காகப் பயிரிடப்படும் பன்னீர் ரோஜாவும் ஆந்திரா ரெட்டும் குச்சி நட்டே பெருக்கப்படுபவை. முதன்முறை வாங்குவோர் இவற்றையே கேட்கலாம். பட்டன் ரோஜாக்களும், 1958-இல் ஜெர்மனியின் கோர்டஸ் பண்ணை வெளியிட்ட வெள்ளை நிற ஐஸ்பெர்க்கும் சொந்த வேரில் நன்றாகவே வளரும். நீண்ட காம்பில் ஒற்றைப் பூவாக மலரும் ஹைபிரிட் டீ வகைகளில், குறிப்பாக மஞ்சள் நிறத்தவற்றில், பல சொந்த வேரில் நோஞ்சானாகவே நிற்கும் என்பதால், அவற்றை விரும்பினால் ஒட்டுச்செடியையே வாங்கிக் குருத்துகளைக் கவனித்துக்கொள்வது மேல்.

நர்சரியில் முதலில் செடியின் அடித்தண்டைப் பாருங்கள். பருத்த முண்டு போன்ற ஒரு கணுவிலிருந்து, அதுவும் தண்டின் ஒரு பக்கத்திலிருந்தே கிளைகள் புறப்பட்டால் அது ஒட்டுச்செடி. பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்தால் ஐயமே வேண்டாம். முண்டு மண்ணுக்குள் மறைந்திருக்கக்கூடும் என்பதால், மேல்மண்ணை இரண்டு விரற்கடை விலக்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம். இலை தழைத்திருப்பதை மட்டும் நம்பக் கூடாது. வெட்டி நட்ட குச்சி, தன்னுள் இருக்கும் சத்தைக்கொண்டு வேர் பிடிக்கும் முன்பே துளிர்த்துவிடும். பையின் அடித்துளையில் வெண்ணிற இளவேர் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சொந்த வேர்ச் செடி தொடக்கத்தில் ஒட்டுச்செடியைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: சொந்த வேர் என்று சொல்லி ஒட்டுச்செடியைக் கொடுத்தால் என்ன செய்வது?

பதில்: பொருளின் வகையைப் பொய்யாகக் கூறி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. வகையின் பெயரையும் ‘ஒட்டில்லாதது’ என்பதையும் ரசீதில் எழுதி வாங்கியிருந்தால், கடைக்காரர் மாற்றித்தர மறுக்கும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ரசீது இல்லாமல், தெருவில் வண்டியில் வருபவரிடம் வாங்கிய செடிக்கு இந்த வழி எளிதில் கைகொடுக்காது.